தூசி புகாத அறை

அத்தியாயம் 14

போன வாரம் தவறவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம், கதை ரொம்ப தூரம் போய்விடவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் யாழ்ப்பாணத் தமிழரான டாக்டர் பிரகலாதன், ஷா ஆலமில் ஒரு பல்கலைக்கழகத்தின் நானோ ஆய்வு மையத்துக்கு இயக்குநர். கேன்டீனுக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் ரூமில், வேறொரு துறை வேண்டாமென்று தள்ளிவிட்ட மைக்ராஸ்கோப்போடு ஆரம்பித்தவர். பார்க்காத அதிகாரியில்லை, கேட்காத நிதியில்லை. ஒவ்வொரு ஆளாகச் சேர்த்து, ஒவ்வொரு இயந்திரமாக வாங்கி, இன்று தனிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

மருமகள் ஷாமினிக்கும் அங்கேதான் வேலை. கிள்ளானில் லோரி ஓட்டும் தம்புசாமியின் மகள். பிரகலாதன் வீட்டார் முதலில் முகம் சுளித்து, பிறகு போட்டோவுக்காகச் சிரித்த காதல் கல்யாணம் அது.

இன்று நிதிக் குழு மையத்தைப் பார்க்க வருகிறது.

கார் நிறுத்துமிடத்தில் இஞ்சினை அணைத்ததும் பிரகலாதன் உள்கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினார். காலையில் மனைவி ராஜினி பூசிவிட்ட விபூதி நெற்றியில் மூன்று பட்டையாக இருந்தது. டாஷ்போர்டில் இருந்த பெட்டியிலிருந்து ஒரு டிஷ்யூவை உருவி, அழுத்தித் துடைத்தார். புருவத்து ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் விடவில்லை.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான். வீட்டு வாசலில் பக்திமான், கார் கதவைத் திறக்கும்போது விஞ்ஞானி. யாரும் அவரைத் துடைக்கச் சொன்னதில்லை. பக்கத்து அறைக்காரர்கள் தொழுகைக்குப் போய்விட்டு வருகிறார்கள், அவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இவருக்குத்தான் எதனாலோ வெட்கம்.

மேல் மாடியில், தூசி புகாத அறையின் வாசலில் ஷாமினி நின்றிருந்தாள். கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, ஈரப் பஞ்சால் நெற்றிக் குங்குமத்தையும் வகிட்டுக் குங்குமத்தையும் துடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான மறுவாரத்திலிருந்து தினமும் காலையில் இதைச் செய்கிறாள்.

"குட் மார்னிங், டாக்டர்."

வீட்டில் மாமா, இங்கே டாக்டர். அந்தக் கோட்டை அவள் ஒரு நாளும் தாண்டியதில்லை.

"எல்லாம் ரெடியா?"

"ரெடி டாக்டர். வில்லையெல்லாம் தாமரை கழுவி வச்சிட்டா. குகன் மைக்ராஸ்கோப்ப ஆன் பண்ணிட்டாரு."

கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. பவுடர், சென்ட், விபூதி, குங்குமம், சந்தனம் எதுவும் உள்ளே கூடாது. மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது போதாதென்று, தமிழில் தனியாக எழுதி ஒட்டியவர் பிரகலாதனேதான். நம்மாட்களுக்குத் தனியாகச் சொன்னால்தான் உறைக்கும் என்பது அவர் கணிப்பு.

காரணம் இல்லாமல் இல்லை. அந்த அறைக்குள்தான் எல்லோரும் 'ரைட்டர்' என்று செல்லமாகக் கூப்பிடும் புது இயந்திரம் இருக்கிறது. சின்ன வட்டமான சிலிக்கான் வில்லையின் மேல், கண்ணுக்கே தெரியாத கோடுகளை எலக்ட்ரான் கதிரால் போடும் இயந்திரம். ஒரு பொட்டுத் தூசி விழுந்தால் ஒரு வாரத்து வேலை குப்பைத் தொட்டிக்குப் போகும். சலித்த காற்று, வெள்ளை அங்கி, கண் மட்டும் தெரியும் முகமூடி எல்லாம் அதற்காகத்தான்.

இன்றைய குழுவுக்கு மனம் வந்தால் இரண்டாவது இயந்திரமும் வந்துவிடும். வருடா வருடம் ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் குகன், தாமரை, ஷாமினி மூன்று பேருக்கும் நிரந்தர வேலை. மனம் வராவிட்டால் மையத்தை வேறொரு துறையோடு சேர்த்துவிடுவதாக மேலிடத்தில் ஏற்கெனவே பேச்சு. ஸ்டோர் ரூமிலிருந்து கட்டி எழுப்பியதெல்லாம் திரும்ப ஸ்டோர் ரூமுக்கே போய்விடும்.

குழுத் தலைவர் பேராசிரியர் ரோஹானா நேரத்துக்கு வந்துவிட்டார். மெல்லிய குரல், கூர்மையான கண். கூட வந்த இரண்டு பேரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கதவிலிருந்த அறிவிப்பை நின்று படித்தார்.

"நல்ல ஒழுங்கு," என்றார். பிரகலாதனுக்கு உச்சி குளிர்ந்தது.

அங்கே நடந்த பேச்செல்லாம் ஆங்கிலத்திலும் மலாயிலும்தான். நமக்கு எதற்கு அந்தச் சிரமம், தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை ரைட்டர் கோடு போட்டிருந்த வில்லையைக் குகன் மைக்ராஸ்கோப்பில் வைத்தான். பெரிய திரையில் கோடுகள் வந்தன. நேரான, சீரான, அழகான கோடுகள். கோடுகளுக்கு நடுவே, அங்கங்கே, அரிசிக் குருணையைக் கொட்டியது போல் ஏதோ கிடந்தது.

"இது என்ன?" என்றார் ரோஹானா.

குகன் வேறொரு இடத்துக்கு நகர்த்தினான். அங்கேயும் குருணை. வில்லையை மாற்றினான். அதிலும் குருணை.

"என்ன பொருள் என்று பார்க்க முடியுமா?"

முடியாது என்று சொல்ல முடியாது. அதற்கான கருவிக்குத்தான் போன தடவை இதே குழு நிதி கொடுத்திருந்தது. ஷாமினி ஒரு துகளைக் குறி வைத்துப் பொத்தானை அழுத்தினாள். கால்சியம், பொட்டாசியம், பாஸ்பரஸ் என்று திரை ஒவ்வொன்றாகக் காட்டியது.

"ஏதோ சாம்பல் மாதிரி இருக்கிறதே," என்றார் ரோஹானா, தனக்குள் பேசிக்கொள்வது போல.

பிரகலாதனின் முதுகில் வியர்வை இறங்கியது. அந்த அறையில் எப்போதும் குளிர்தான். ஆனாலும் வியர்த்தது.

ஏனென்றால் அது என்ன சாம்பல், யார் வைத்தது, எந்த இடத்தில் வைத்தது என்பது அவருக்குத் தெரியும்.

ரைட்டரைப் பொருத்திய புதிதில் அது அடம் பிடித்தது. கதிர் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்றது. கம்பெனி எஞ்சினியர் வந்து பார்த்தார், போனார், திரும்பவும் வந்தார். குழு வரும் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. பிரகலாதனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை கந்தசுவாமி கோவிலில் மையத்தின் பேரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்த ராஜினி, ஒரு பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள். "மெஷினுக்கு ஒரு பூச்சு பூசிவிடுங்கோ. ஒருத்தரும் பாக்காத இடத்தில வச்சா என்ன?" என்றாள்.

ஒருவரும் வருவதற்கு முன்னால் போய், அங்கி மாட்டி, ரைட்டரின் பின்கதவைத் திறந்து, உள்பக்கத் தகட்டில் மூன்று விரலால் பூசினார். கையைக் கூப்பினார். கதவை மூடினார். பக்கத்திலேயே இயந்திரத்தைக் குளிர வைக்கும் விசிறி ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். பயம் வந்த மனிதருக்குப் படித்த படிப்பு கைகொடுப்பதில்லை.

அன்றைக்கே கதிர் நின்றது. எஞ்சினியர் ஒரு திருகை மாற்றியிருந்தார் என்பது வேறு விஷயம்.

அந்த விசிறிதான் தினம் கொஞ்சமாக விபூதியை ஊதி அறை முழுக்கப் பரப்பியிருக்கிறது.

"யாராவது உள்ளே புகை பிடிக்கிறார்களா?" என்று கேட்டார் ரோஹானா.

"இல்லை," என்றான் குகன் அவசரமாக. வெள்ளந்தியான பையன். அவனுக்கு நினைவு வந்ததை அப்படியே சொன்னான். "இயந்திரம் வந்து இறங்கிய அன்று லோரிக்கார அங்கிள் பூஜைச் சாமானெல்லாம் கொண்டுவந்திருந்தார். தேங்காய், சூடம், விபூதி. ஒருவேளை அதுவாக இருக்குமோ?"

"அவர் பூஜை செய்தாரா?" ரோஹானாவின் கண் பிரகலாதன் மேல் நின்றது.

செய்யவில்லை. அது பிரகலாதனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

துறைமுகத்திலிருந்து ரைட்டரை ஏற்றி வந்தவர் தம்புசாமி. தன் டிரைவர்களை நம்பாமல் தானே ஓட்டினார், வழியெல்லாம் ஒரு குழி குலுக்கவிடாமல். கட்டடத்து வாசலில் இறங்கி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, தேங்காயோடு வந்து நின்றார். அவர் வலது கையில் மோதிர விரல் கிடையாது. எப்போதோ லோரியின் பின்பலகை வாங்கிக்கொண்டது. அதனால் அவர் நெற்றியில் விபூதி எப்போதும் இரண்டே பட்டைதான். "சாமிக்குத் தெரியும்லா நம்ம கைய," என்பார்.

"சம்பந்தி, சூடம் மட்டும் காட்டிடட்டா? வெளியிலதான்."

துணைவேந்தர் அலுவலகத்து ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரகலாதனுக்குக் காது சூடாகிவிட்டது. "தம்புசாமி, இது கோவில் இல்ல. யூனிவர்சிட்டி," என்றார். சம்பந்தி என்ற சொல் வாயில் வரவில்லை. ஷாமினி அப்பா பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

தம்புசாமி தேங்காயைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது ரோஹானா பதிலுக்குக் காத்திருந்தார். குகன், தாமரை, ஷாமினி மூன்று பேரும் முகமூடிக்கு மேலே கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு நின்றார்கள். நான்தான் வைத்தேன் என்று சொன்னால்? கதவில் தமிழில் அறிவிப்பு ஒட்டிய இயக்குநரே திருட்டுத்தனமாக விபூதி பூசினார் என்றால்? இத்தனை வருடமாகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த நெற்றி என்னாவது?

"செய்திருக்கலாம்," என்றார் பிரகலாதன்.

ஒரே ஒரு சொல். பொய் என்று அதைச் சத்தியம் செய்து சொல்ல முடியாது. ஆனால் ஷாமினியின் கண்கள் அவர் பக்கம் திரும்பின, திரும்பியபடியே நின்றுவிட்டன.

ரோஹானா பெருமூச்சு விட்டார். "வெளியாள் ஒருவர் ஒரே ஒரு தடவை செய்த பிழை என்றால் சுத்தம் செய்துவிட்டு மேலே போகலாம். உள்ளேயே பழக்கம் அப்படி என்றால் நாங்கள் கையெழுத்துப் போட முடியாது. அன்று இயந்திரத்தை இறக்கியபோது பொறுப்பில் இருந்தது யார்?"

"நான்தான்," என்றாள் ஷாமினி.

"லோரிக்காரரை நீங்கள் தடுக்கவில்லையா?"

"அவர் என் அப்பா," என்றாள்.

ரோஹானா ஷாமினியைப் பார்த்தார், பிறகு பிரகலாதனைப் பார்த்தார். அவள் இயக்குநரின் மருமகள் என்பது குழுவுக்குத் தெரியும். "இந்த அதிகாரியை நிரந்தர வேலைக்குச் சிபாரிசு செய்திருக்கிறீர்கள். இப்போதைக்கு அதை நிறுத்தி வைப்பதுதான் முறை என்று நினைக்கிறேன். உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்," என்றார் மாமனார்.

நாளைக் காலை கம்பெனி எஞ்சினியர் வந்து ரைட்டரை முழுக்கத் திறந்து பார்ப்பார், தானும் கூட இருப்பேன், என்று சொல்லிவிட்டு ரோஹானா கிளம்பினார். கிளம்பும்போது கதவில் இருந்த அறிவிப்பை இன்னொரு தடவை பார்த்தார்.

தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிரகலாதன் நாற்காலியில் விழுந்தார். போன் அடித்தது. ராஜினி.

"என்னப்பா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதோ?"

"ஓம்."

"பாத்தீங்களா, கந்தன் கைவிடேல்லை. நான் சொன்னபடி மெஷினுக்கு விபூதி வச்சதுதான்."

"ஓம்," என்றார் திரும்பவும்.

ஒரு மனிதன் தனக்குத்தானே நியாயம் சொல்ல ஆரம்பித்தால் வக்கீலே தோற்றுப் போவான். நான் எனக்காகவா மறைத்தேன்? குகனுக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்தது. தாமரை பந்திங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். இந்த மையம் இல்லாவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? ஷாமினிக்கு வேறு வேலை கிடைக்கும், கெட்டிக்காரி. தம்புசாமிக்கு இதனால் என்ன நஷ்டம்? லோரிக்காரருக்கு யூனிவர்சிட்டியில் நல்ல பெயர் எதற்கு?

கடைசி வாக்கியம் மனதில் ஓடியதும் அவருக்கே கூசியது. கண்ணை மூடிக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் தம்புசாமியே கூப்பிட்டார். குகன் விசாரிப்பதற்காக அவருக்குப் போன் செய்திருந்தான் போலிருக்கிறது.

"சம்பந்தி, வேல முடிஞ்சு வீட்டுப் பக்கம் ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா? நேர்ல பேசணும்."

குரலில் சூடு இல்லை. ஆனால் பிரகலாதன் சூட்டைத்தான் எதிர்பார்த்தார். எதிர்பார்த்தார் என்பதைவிட, ஆசைப்பட்டார் என்று சொல்ல வேண்டும். நாலு வார்த்தை திட்டினால் போதும். திட்டு வாங்கினால் பாதி கணக்குத் தீர்ந்த மாதிரி இருக்கும். மீதியை அங்கேயே உடைத்துச் சொல்லிவிடலாம் என்று எண்ணிக்கொண்டே பெடரல் ஹைவேயில் கிள்ளான் பக்கம் ஓட்டினார்.

தம்புசாமி வீட்டுப் பக்கத்துக் காலி இடத்தில் லோரிகள் மூக்கை வெளியே நீட்டி வரிசையாக நின்றன. வெயில் சாய்ந்துவிட்டது. ஷாமினியின் கார் வாசலில் இருந்தது. கணவன் ஜெயகாந்தன் வேலை விஷயமாகச் சிங்கப்பூர் போயிருந்ததால் அவள் நேரே அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

"வாங்க சம்பந்தி, வாங்க வாங்க." தம்புசாமி விசிறிக்கு நேராக இருந்த நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு அவரை உட்கார வைத்தார். தான் உட்காரவில்லை.

அவர் மனைவி லெட்சுமி சூடாக உளுந்து வடையும் தேநீரும் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"பிள்ள காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல," என்றாள். "தெனமும் பொட்டக் கழுவிட்டுத்தான் உள்ள போகுது. கல்யாணம் ஆன பொண்ணு, எனக்கு மனசு கேக்கல. கேட்டா, அது மாமா ரூலும்மா, நல்லதுக்குத்தான்னு சொல்லும். அப்பேர்ப்பட்ட பிள்ள மேலயா சம்பந்தி பழி வரணும்?"

"லெட்சு, நீ உள்ள போ," என்றார் தம்புசாமி.

லெட்சுமி போகவில்லை. ஷாமினி சமையலறை வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது திட்டப் போகிறார் என்று பிரகலாதன் நினைத்தார். தம்புசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நெற்றியில் இரண்டு பட்டை விபூதி வியர்வையில் லேசாகக் கரைந்திருந்தது.

"சம்பந்தி, அன்னைக்கு நான் சூடம் கொளுத்தல. நீங்க சொன்னீங்க, தேங்காயச் சுத்தி எடுத்துட்டு வந்துட்டேன். இவ அதுல சட்னி அரைச்சா. அது சத்தியம்."

"தெரியும்," என்றார் பிரகலாதன். தெரியும் என்ற சொல் வந்துவிட்டது. அடுத்த சொல்லும் வந்துவிடும் என்று இருந்தது.

"ஆனா அந்தத் தம்பி போன் பண்ணதுலேர்ந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன். சட்டப் பையில விபூதிப் பொட்டலம் இருந்துச்சு. பெட்டிய இறக்கும்போது ஆளுங்களுக்குப் பிடி பத்தல, நானும் நெஞ்சக் கொடுத்து முட்டுக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பாத்தா பொட்டலம் கிழிஞ்சிருந்திச்சு. அப்ப ஒண்ணும் தோணல. இன்னைக்குத்தான் புரியுது." அவர் குரல் இறங்கியது. "என்னாலதான் சம்பந்தி. இத்தனை வருஷமா நீங்க கட்டுனதுல நான் மண்ணப் போட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

கையைக் கூப்பினார். விரல் இல்லாத இடத்தில் இடைவெளி தெரிந்தது.

"அந்தப் பெரிய அதிகாரியம்மா நம்பர் குடுங்க. நான் போயி மலாய்லயே சொல்றேன், மலாய் நமக்கு நல்லா வரும்லா. தப்பு என்னோடது, மக மேல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு வந்துடறேன். சபையில வேணும்னாலும் சொல்றேன்."

செய்யாத தப்புக்குக் காரணம் தேடி, காரணத்தையும் கண்டுபிடித்து, தன் தலையிலேயே தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும் மனிதர். மரப்பெட்டிக்குள் இரண்டு உறை போட்டுத்தான் ரைட்டர் வந்தது. வெளியே எதைக் கொட்டினாலும் உள்ளே போக வழியில்லை. அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

"பரவாயில்ல சம்பந்தி," என்றார். "தெரியாம நடந்ததுதானே. மனசுல வச்சிக்காதீங்க."

மன்னித்துவிட்டார். ஆமாம், பிரகலாதன் தம்புசாமியை மன்னித்துவிட்டார். எழுதுகிற எனக்கே கை கூசுகிறது. அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

தம்புசாமியின் முகம் தெளிந்தது. "நீங்க பெரிய மனுசன் சம்பந்தி," என்றார். "சாப்பிடுங்க, வடை ஆறுது."

ஒரு வடையை எடுத்தார். தேநீரை ஊற்றித்தான் இறக்கினார். அவசர வேலை இருக்கிறதென்று எழுந்துகொண்டார்.

கார் வரைக்கும் ஷாமினி வந்தாள். நெற்றியில் குங்குமம் திரும்ப வந்திருந்தது. லோரிகளுக்குப் பின்னால் எங்கோ பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. கதவைத் திறக்கப் போனவரை அவள் குரல் நிறுத்தியது.

"நீங்க ரூமுக்குப் போனதும் நான் ரைட்டரோட பின்கதவத் திறந்து பாத்தேன்."

பிரகலாதன் கதவுப் பிடியை விடவில்லை.

"உள்தகட்டுல இருக்கு. பூசுன அடையாளம் அப்படியே இருக்கு. மூணு பட்ட." அவள் மூன்று விரலைத் தூக்கிக் காட்டவில்லை. காட்டத் தேவையும் இல்லை. "அப்பாவால மூணு பட்ட போட முடியாது. சின்னப் பிள்ளையிலேர்ந்து அந்தக் கையாலதான் எனக்கும் பூசிவிட்டிருக்காரு. ரெண்டுதான் வரும்."

அவருடைய மற்றக் கை சட்டைப் பையைத் தொட்டது.

"அந்தப் பின்கதவுச் சாவி ரெண்டு பேருகிட்டதான் இருக்கு. ஒண்ணு என்கிட்ட."

வீட்டுக்குள்ளிருந்து தம்புசாமி லெட்சுமியிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. பாரம் இறங்கிய சிரிப்பு.

"அப்பாகிட்ட நான் இன்னும் சொல்லல," என்றாள் ஷாமினி. "சொன்னா நம்பவும் மாட்டாரு. நீங்க பெரிய மனுசன்னு இப்பத்தான் சொன்னாரு. நாளைக்குக் காலையில எஞ்சினியர் வந்து தெறப்பாரு, ப்ரொஃபசரும் நிப்பாங்க. அது அங்க இருந்தா பாத்துடுவாங்க. பெட்டிக்கு வெளிய நின்ன லோரிக்காரரு அந்த இடத்துல பூசியிருக்க முடியாதுன்னு அவங்களுக்கே தெரிஞ்சிடும். துடைச்சிட்டா ஒண்ணும் தெரியாது. குகன் வேல, தாமரை வேல எல்லாம் நிக்கும். அப்பா பேரும் என் வேலையும் மட்டும்தான் போகும்."

அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"நான் போயி துடைச்சிடட்டா, டாக்டர்?"

அவள் பிறந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு அவரை டாக்டர் என்றாள். பிரகலாதனுக்கு அது செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நானே சொல்லிவிடுகிறேன், நீ உள்ளே போய்ச் சாப்பிடு, என்று சொல்ல வேண்டும். எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"எஞ்சினியர் எத்தனை மணிக்கு வர்றார்?" என்று கேட்டார்.

அவள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனால் ஷாமினி அதைப் பதிலாகவே எடுத்துக்கொண்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. மணியைச் சொன்னாள். திரும்பி நடந்தாள்.

தம்புசாமி ஒரு பிளாஸ்டிக் பையோடு ஓடி வந்தார். "சம்பந்தி, சம்பந்தியம்மாவுக்குக் கொஞ்சம் வடை. பிடிங்க." பையை முன் இருக்கையில் வைத்துவிட்டு, பின்னால் போய் நின்றுகொண்டார். ஒரு பக்கம் லோரி, ஒரு பக்கம் சாக்கடை. புதிதாக வருகிறவர்கள் காரைப் பின்னுக்கு எடுப்பது சிரமம்.

"கோஸ்தான்... பின்னால கோஸ்தான்... வரலாம் சம்பந்தி, நான் இருக்கேன்ல... லெப்ட்ல கொஞ்சம் ஒடிங்க... அவ்ளோதான்!"

மூன்று விரலும் கட்டைவிரலுமாக அந்தக் கை காற்றில் அசைந்து அசைந்து வழிகாட்டியது. பிரகலாதன் கண்ணாடியில் அதைப் பார்த்தபடியே பின்னுக்கு வந்தார். ஒரு கீறல் படாமல் சாலைக்கு வந்து சேர்ந்தார்.

பெடரல் ஹைவேயில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. நேரே போனால் கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ், வீடு. ராஜினி விளக்கேற்றிக் காத்திருப்பாள். இடது பக்கம் திரும்பினால் ஷா ஆலம்.

அவர் கை இடது சிக்னலைப் போட்டது. எதற்காகப் போகிறோம் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சட்டைப் பையில் பின்கதவுச் சாவி இருந்தது. டாஷ்போர்டில் டிஷ்யூப் பெட்டி இருந்தது.